ஸ்லைஸ் அடிக்கிற ஆக்கள் ட்ரைவர் வாங்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கோ

கோல்ஃப் பழகத் தொடங்கி ரெண்டு மூண்டு மாசத்தில கனபேருக்கு வாற முதல் வருத்தம் இந்த ஸ்லைஸ் தான். நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கிற ஏழாம் நம்பர் அயர்ன் தடி ஓரளவுக்கு நேராப் போகும், ட்ரைவரை, அதாவது கன தூரம் அடிக்கிற பெரிய தலை வைச்ச நீளமான தடியைக் கையில எடுத்தவுடன பந்து நேராக் கிளம்பிற மாதிரிக் கிளம்பி பாதி வழியில வலப்பக்கம் வளைஞ்சு மரத்துக்குள்ள போயிரும். வலக்கை ஆக்களுக்குத் தான் எழுதுறன், இடக்கை ஆக்கள் இடம் வலத்தை மாத்தி வாசியுங்கோ. உடன மனசு சொல்றது என்னெண்டா ட்ரைவர் சரியில்ல, வேற ஒண்டு வாங்கோணும். என்ட சித்தப்பான்ட மகன் போன மாசம் வெள்ளவத்தைக்கு வீட்டுக்கு வந்து ஃபோனில மூண்டு ட்ரைவரைக் காட்டி "அண்ணா, இதில எது ஸ்லைஸை நிப்பாட்டும்?" எண்டு கேட்டான். அவனுக்குச் சொன்னதைத் தான் இங்க விரிவா எழுதுறன், ஏனெண்டா நான் தொடங்கேக்க ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்ல, பிழையான சாமானை வாங்கி வைச்சுக்கொண்டு ரெண்டு வருசம் கஷ்டப்பட்டனான்.

நான் வாங்கினது 9 டிகிரி லொஃப்ட் (பந்தில படுற முகம் மேல்நோக்கிச் சரிஞ்சிருக்கிற அளவு), ஷாஃப்டில, அதாவது தண்டில, எஸ் எண்டு போட்டிருக்கிற இறுக்கமான ட்ரைவர். லொஃப்ட் குறைஞ்சாத் தான் தூரம் போகும், ஆம்பிளையள் எஸ் தான் பிடிக்கோணும் எண்டு விளையாடுற ஒருத்தர் சொன்னார், நானும் நம்பிட்டன். ஸ்லைஸ் அடிக்கிற ஒருத்தர் வாங்கக்கூடாத சாமான் எண்டு ஒண்டு இருந்தா அது இது தான். ஏன் எண்டு விளங்கோணும் எண்டா முதல் பந்து ஏன் வளையுது எண்டு பாக்கோணும்.

கிளப்பும், அதாவது அடிக்கிற தடியும், பந்தும் தொட்டுக்கொண்டு இருக்கிறது அரை மில்லி செக்கன் அளவு தான். அந்த நேரத்தில ரெண்டே ரெண்டு விசயம். கிளப்பின்ட ஃபேஸ், பந்தில படுற முகம், எந்தப் பக்கம் பாக்குது, கிளப் எந்தப் பக்கமாப் போய்க்கொண்டு இருக்குது. பந்து எந்தப் பக்கம் கிளம்பும் எண்டதைப் பெரும்பாலும் ஃபேஸ் தான் தீர்மானிக்குது, வளையிறதைத் தீர்மானிக்கிறது ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம். ஃபேஸ் கிளப் போற பாதையை விட வலப்பக்கமாத் திறந்திருந்தா பந்து வலப்பக்கம் சுழண்டு வளையும், அது தான் ஸ்லைஸ். கிரிக்கெட் விளையாடினாக்களுக்கு இது உடன விளங்கும், துடுப்பின்ட முகத்தைத் திறந்து வைச்சா பந்து போயின்ற் பக்கம் ஓடும் தானே, அதே விசயம். உண்மையில கிரிக்கெட்டில இருந்து வாறாக்கள் கனபேர் ஸ்லைஸ் அடிக்கிறதுக்கு ஒரு காரணம் அந்த இடது முழங்கை. நேர் ட்ரைவ் அடிக்கேக்க இடது முழங்கையை மேல தூக்கி வைச்சுக்கொண்டு அடிக்கோணும் எண்டு பள்ளிக்கூடத்தில பழக்கினவை. கோல்ஃபில அப்பிடிச் செய்தா முன்கை திரும்பாது, முன்கை திரும்பாட்டி ஃபேஸ் மூடாது.

ஒரு கணக்குச் சொல்றன். ஃபேஸ் 1 டிகிரி விலகினா 200 யாரில பந்து மூண்டரை யார் விலகும், 5 டிகிரி எண்டா பதினேழு பதினெட்டு யார். அது நேராப் பறந்தாலே. அதுக்கு மேல வளைவு வேற. அப்ப கடையில இருக்கிற எந்த ட்ரைவரும் இதில ஒரு பங்கைத் தான் திருத்தும், மிச்சம் உங்கட கையில இருக்கு.

சரி, செய்யவேண்டிய வேலைக்கு வருவம். காசு செலவழிக்க முன்னம் புத்தகக் கடையில வெள்ளைப் பலகைக்கு எழுதிற மார்க்கர் ஒண்டு வாங்குங்கோ, சாதாரணமா அழிபடுறது. பந்தடிச்சுப் பழகிற ரேஞ்சுக்குப் போய் பந்தின்ட பின்பக்கத்தில சத அளவுக்குத் தடிப்பா ஒரு பொட்டு வையுங்கோ, அந்தப் பொட்டு ட்ரைவர் ஃபேஸைப் பாக்கிற மாதிரி டீயில (பந்தை வைக்க நிலத்தில குத்திற சின்னக் குச்சி) வைச்சு அடியுங்கோ. மை காய முன்னம் அடிக்கோணும். அடிச்சு முடியப் பாத்தா ஃபேஸில பொட்டு அப்பிடியே பதிஞ்சிருக்கும், ஒரு படம் எடுத்துப்போட்டு டிஷ்யூவால துடைச்சிட்டு அடுத்தது. பத்துப் பந்து போதும். இந்தப் பத்துப் படம் தான் நீங்கள் எந்த ட்ரைவர் வாங்கோணும் எண்டதில பாதியைச் சொல்லும்.

எனக்கு இதைக் காட்டித் தந்தது ஒரு கெடி, பேக்கைத் தூக்கிக்கொண்டு கூட வாற ஆள். நுவரெலியாவில ஏப்ரல் சீசன் நேரம் விளையாடப் போனனான், மூண்டாவது ட்ரைவும் வலப்பக்கம் போனவுடன அவர் கிட்ட வந்து என்ட கையில இருந்து கிளப்பை வாங்கி ஃபேஸை வெயிலுக்குச் சரிச்சுப் பிடிச்சுக் காட்டினார். "சேர், பாருங்க, பந்து பட்ட அடையாளம் எல்லாம் இந்தப் பக்கம் தான் இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல." ஷாஃப்ட் பொருத்தியிருக்கிற ஓரம், ஹீல் எண்டு சொல்றது, அந்த இடத்தில மட்டும் புல்லுக்கறையும் பந்தின்ட வெள்ளையும் தேய்ஞ்சு கிடந்தது. நடுப்பக்கம் கடையில வாங்கின மாதிரி மினுங்கிக்கொண்டு இருந்தது. ரெண்டு வருசமா நான் அந்தக் கிளப்பைத் துடைச்சு உறை போட்டு வைச்சனான், ஒரு நாளும் அதைக் கவனிக்கேல்ல.

ஹீலில பட்டா என்ன நடக்கும் எண்டா, தலை ஒரு பக்கம் திரும்ப பந்து மற்றப் பக்கம் சுழலும், பல்லுச் சில்லு ரெண்டு ஒண்டில ஒண்டு உரசித் திரும்புற மாதிரி. ஹீலில பட்ட பந்துக்கு அந்தச் சுழற்சி ஸ்லைஸ் பக்கமாத் தான் வரும், டோ பக்கம், அதாவது மற்ற ஓரத்தில, பட்டா மாறி இடப்பக்கம். அப்ப உங்கட பத்துப் படத்தில ஏழு எட்டு ஹீல் பக்கம் எண்டா உங்கட பிரச்சினையில ஒரு பெரிய பங்கு ஃபேஸ் திறக்கிறது இல்ல, நடுவில படாதது. அதுக்கு வழி கட்டையான ட்ரைவர், பிறகு சொல்றன். எல்லாம் நடுவில பட்டும் வளையுது எண்டா ஃபேஸ் தான். டோ பக்கம் பட்டும் வலப்பக்கம் போகுது எண்டா ஃபேஸ் நல்லாவே திறந்திருக்கு, அந்த ஆள் புது ட்ரைவரை மறந்து முதல் பழக்கிற ஒரு கோச்சிட்டப் போகோணும்.

அடுத்தது பிடி. கொழும்பில இருக்கிறாக்கள் இதை வடிவா வாசிக்கோணும், ஏனெண்டா எங்கட வேர்வை இங்க பெரிய விசயம். பொரளைப் பக்கம் மொடல் ஃபார்ம் ரோட்டில இருக்கிற றோயல் கொழும்பு கிளப்பில காலமை எட்டு மணிக்கே கை நனைஞ்சிரும். அதுக்குள்ளால களனிவெளி றெயில் பாதை போகுது, கோச்சி வந்தா நிண்டு அது போகும்வரை பாத்துப்போட்டுத் தான் அடிக்கிறது, அந்த ரெண்டு நிமிசத்திலயே கிளவ்ஸ் ஊறிப்போகும். நனைஞ்ச கிரிப் (தடியில கை பிடிக்கிற ரப்பர்) வழுக்கும், வழுக்கினா எங்களை அறியாமலே இறுக்கிப் பிடிப்பம், இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு பூட்டிரும், மணிக்கட்டு பூட்டினா ஃபேஸ் திரும்பி வராது, பந்து வலப்பக்கம். காலமை முதல் நாலு குழி நல்லா அடிச்சு பிறகு ஸ்லைஸ் வருது எண்டா களைப்பு எண்டு நினைக்காதேங்கோ, முதல் கிரிப்பைத் தொட்டுப் பாருங்கோ. பாத்திரம் கழுவுற சோப்பும் பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷும் போட்டு மாசத்துக்கு ஒருக்காக் கிரிப்பைத் தேய்ச்சுக் கழுவி நிழலில காய விடுங்கோ. கிளவ்ஸ் ரெண்டு வைச்சு மாத்தி மாத்திப் போடுங்கோ, ஒண்டு பேக்கில தொங்கிக் காயட்டும். கிரிப் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாப் போயிட்டா மாத்திற செலவு ஒரு ட்ரைவர் விலைக்குப் பக்கத்திலயும் வராது.

இடக்கைப் பிடியைப் பாருங்கோ. கிளப்பை நிலத்தில வைச்சு மேல இருந்து பாக்கேக்க இடக்கையில ரெண்டரை மூண்டு விரல் மொளி தெரியோணும். ஒண்டு தான் தெரியுது எண்டா கையை வலப்பக்கமாக் கொஞ்சம் சுத்திப் பிடியுங்கோ. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில வாற கோடு வலது தோளைக் காட்டோணும். முதல் கிழமை இது சரியான அந்தரமா இருக்கும், பந்து இடப்பக்கமும் போகும், விடாதேங்கோ. ஸ்லைஸ் அடிக்கிற கனபேருக்குப் பாதிக்குமேல திருந்திறது இந்த ஒரு மாற்றத்தில தான் எண்டு நான் கண்ணால கண்டிருக்கிறன்.

நிக்கிற விதமும் இருக்கு. பந்து வலப்பக்கம் போகுது எண்டு எல்லாரும் மெல்ல மெல்ல இடப்பக்கம் பாத்து நிக்கப் பழகிருவினம். அது எரியிற நெருப்பில எண்ணெய் ஊத்திற வேலை, இடப்பக்கம் பாத்து நிண்டா கிளப் வெளியில இருந்து உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வரும், ஃபேஸுக்கும் பாதைக்கும் இருக்கிற வித்தியாசம் இன்னும் கூடும், இன்னும் வளையும். குடை ஒண்டைக் கால் நுனியோட நிலத்தில வைச்சுப்போட்டுப் பின்னால போய் நிண்டு அது எங்க காட்டுது எண்டு பாருங்கோ, கனபேர் திகைச்சுப் போவினம். பிறகு ட்ரைவர் உறையைப் பந்துக்கு வெளிப்பக்கமா ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பின்னுக்கு வைச்சு, அதில தட்டாமல் அடிச்சுப் பழகுங்கோ. வெளியில இருந்து வெட்டினா உறையில தட்டும்.

மூண்டு நாலு கிழமை இதைச் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற ஸ்லைஸுக்குத் தான் ட்ரைவர் தெரிவு. இப்ப அதுக்கு வருவம்.

லொஃப்ட் தான் முதல் முடிவு. 10.5 டிகிரிக்குக் குறைய ஒண்டும் பாக்காதேங்கோ, 12 கிடைச்சா இன்னும் நல்லம். காரணம் இது தான்: லொஃப்ட் கூட இருந்தா பந்து பின்பக்கமாக் கூடச் சுழலும், பின்சுழற்சி கூடக் கூட அதே பக்கப் பிழை பந்தின்ட அச்சைக் குறைவாத் தான் சரிக்கும், வளைவும் குறையும். அயர்ன் நேராப் போய் ட்ரைவர் மட்டும் வளையிறதுக்கும் இது ஒரு காரணம். 9 டிகிரியில அதே பிழைக்குப் பந்து கூட வளையும், அதோட மெதுவாச் சுத்திற ஆளுக்குப் பந்து எழும்பவும் மாட்டுது. சாதாரணமா விளையாடுற ஆம்பிளையள் மணிக்கு 90 சொச்சம் மைல் வேகத்தில சுத்துவினம், அந்த வேகத்துக்கு 10.5 உம் 12 உம் தூரத்தைக் குறைக்காது, கனபேருக்குக் கூட்டும்.

தலையைப் பற்றி. அளவில எல்லாம் ஒண்டு தான், சட்டப்படி 460 சிசிக்கு மேல போகேலாது, கடையில இருக்கிறது பெரும்பாலும் அதே 460. வித்தியாசம் பாரம் எங்க இருக்கு எண்டதில. ஸ்லைஸுக்கு எண்டு செய்யிறதில பாரத்தை ஹீல் பக்கம் வைப்பினம், அதால டோ பக்கம் லேசாத் திரும்பி ஃபேஸ் மூடும். பேரில டி (D), எச்டி (HD), எஸ்எஃப்டி (SFT) எண்டு வந்தா அந்த வகை எண்டு நினையுங்கோ: டெய்லர்மேட்டில 2018 இல வந்த எம்4 டி-டைப், 2022 இல வந்த ஸ்டெல்த் எச்டி, கல்லவேயில றோக் எஸ்டி மெக்ஸ் டி, பிங்கில ஜி425 எஸ்எஃப்டி, ஜி430 எஸ்எஃப்டி. எல்எஸ் (LS), எல்எஸ்டி (LST), ட்ரிபிள் டயமண்ட் எண்டு இருக்கிறதைத் தொடாதேங்கோ, எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும் சரி. அது சுழற்சியைக் குறைக்க, வேகமா அடிக்கிறாக்களுக்கு எண்டு செய்தது, பழைய சாமான் சந்தையில அது கூட வாறதே வாங்கினாக்களுக்கு ஒத்துவராத படியால தான் எண்டு எனக்கு ஒரு எண்ணம்.

ஷாஃப்டைப் பற்றி ஆக்கள் மணித்தியாலக் கணக்கில கதைப்பினம், நான் ரெண்டு வரியில சொல்றன். சுத்திற வேகம் 85 இல இருந்து 95 மைல் வரை எண்டா ஆர், அதுக்கு மேல போனாத் தான் எஸ், அதுக்குக் கீழ எண்டா ஏ அல்லது சீனியர். ரெண்டுக்கும் நடுவில நிண்டா இறுக்கம் குறைஞ்சதை எடுங்கோ.

நீளம் அப்பிடி இல்ல, அதைக் கவனிக்கோணும். கடையில வாற ட்ரைவர் 45.5 இஞ்சிக்குக் கிட்ட இருக்கும், தொழில்முறையா விளையாடுறாக்களே கனபேர் 45 க்குக் குறைவாத் தான் பிடிக்கினம், ரிக்கி ஃபௌலர் 2017 இல 43.5 இஞ்சி பிடிச்சவர். பொட்டுப் படத்தில ஹீல் பக்கம் வந்த ஆக்கள் உடன வெட்டக் குடுக்காதேங்கோ, முதல் ஒரு இஞ்சி கீழ இறக்கிப் பிடிச்சு இன்னொரு பத்துப் பந்து மார்க்கரோட அடியுங்கோ. பொட்டு நடுவுக்கு வந்தா அது தான் உங்கட நீளம். வெட்டினா தலை பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கும், ஈயப் பட்டி கொஞ்சம் ஹீல் பக்கமா ஒட்டினாச் சரி.

அடிச்சுப் பாக்காமல் வாங்காதேங்கோ. நண்பர் ஒருத்தரின்ட பேக்கில இருக்கிறதை வாங்கி ஒரு பத்து அடிச்சாலும் போதும். சிமுலேட்டரில, திரைக்கு அடிச்சு அளக்கிற மெஷினில, அடிச்சா தூரத்தைப் பாக்காதேங்கோ, ஃபேஸ் டு பாத் எண்டு ஒரு எண் வரும், ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம், அதைப் பாருங்கோ, அது எத்தினை டிகிரி வலப்பக்கம், எந்த ட்ரைவரில குறையுது எண்டு. இன்னொண்டு, நுவரெலியாவில அடிச்சுப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. அது 1,800 மீற்றருக்கு மேல, காத்து ஐதா இருக்கிறதால பந்து தூரமும் போகும் வளையிறதும் குறையும். அங்க ஸ்லைஸ் திருந்தின மாதிரி இருந்திட்டு பொரளைக்கு வந்தா பழையபடி. எனக்கு நடந்தது.

காசுக் கணக்கு. டெய்லர்மேட், கல்லவேன்ட 2024 மேல்மட்ட ட்ரைவர் வந்த நேரம் அமெரிக்காவில 599 டொலரா இருந்தது, டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சாலே ஒண்டே முக்கால் லட்சத்துக்கு மேல, கொண்டு வாற செலவும் வரியும் வேற. தொடங்கிற ஆள் அதுக்குப் போகவே தேவையில்ல. அஞ்சாறு வருசம் பழைய டி வகை ட்ரைவர் உங்கட ஸ்லைஸுக்குச் செய்யிறதைத் தான் புதுசும் செய்யும், மிச்சக் காசில ஒரு கோச்சிட்ட நாலு கிளாஸ் எடுங்கோ.

எங்கட ஆக்களுக்கு லண்டன், ரொரன்ரோவில சொந்தக்காரர் இருப்பினம், அங்க பழைய சாமான் நல்லாக் கிடைக்கும். ஆனா ட்ரைவர் சூட்கேசுக்குள்ள போகாது எண்டு முதலே நினைச்சுக்கொள்ளுங்கோ. தலையைக் கழட்டக்கூடிய வகை எண்டா தலை சீலையளுக்கு நடுவில வந்திரும், ஷாஃப்ட் ஒரு மீற்றருக்கு மேல, அதைக் காட்போட் குழாய்க்குள்ள போட்டு வேறயாக் கொண்டு வரோணும். ஷாஃப்டை இங்க வாங்கலாம் எண்டு நினைச்சா அதின்ட நுனியில இருக்கிற மூட்டு அதே பிராண்டுக்கு உரியதா இருக்கோணும், கல்லவே மூட்டு பிங் தலையில பூட்டுப்படாது.

ஒன்லைனில மலிவா வாறதில போலி கனக்க. கழுத்துப் பக்கம் சீரியல் நம்பர் பொறிச்சிருக்கோ பாருங்கோ, கழட்டின தலையைச் சமையலறைத் தராசில வையுங்கோ, 200 கிராமுக்குக் கிட்ட நிக்கோணும். 180 எண்டு காட்டினாத் திருப்பிக் குடுங்கோ. காதுக்குக் கிட்டக் குலுக்கிப் பாருங்கோ, உள்ளுக்கு ஏதும் கிலுகிலுக்குதோ எண்டு. ஃபேஸும் மேல்மூடியும் சேருற இடத்தில நகத்தால ஒரு சுத்து ஓட்டுங்கோ, வெடிப்பு இருந்தா கண்ணுக்கு முதல் நகத்துக்குப் பிடிபடும்.

வாங்கிக் கொண்டு வந்தா ஷாஃப்ட் மூட்டில இருக்கிற குறியைப் பாருங்கோ. லொஃப்ட் கூட்டிற பக்கம், ஹையர் எண்டோ கூட்டல் குறியோ இருக்கும், அதுக்குத் திருப்பினா நிலத்தில வைக்கேக்க ஃபேஸும் கொஞ்சம் இடப்பக்கம் மூடி நிக்கும், ரெண்டும் உங்களுக்கு நல்லது. கூட வாற சாவியால டிக் எண்டு சத்தம் கேக்கும்வரை இறுக்குங்கோ. நகர்த்திற பாரம் இருந்தா ஹீல் பக்கம். இதெல்லாம் வீட்டில, ஆட்டம் தொடங்கின பிறகு இடையில மாத்தினாச் சட்டப்படி பிழை. டீயைப் பந்தின்ட பாதி ட்ரைவர் தலைக்கு மேல தெரியிற உயரத்தில குத்துங்கோ, பந்து இடது குதிக்கு நேரா. தாழக் குத்தினா மேல இருந்து வெட்டத் தான் வரும்.

தம்பி கடைசியா எடுத்தது பழைய டி வகை ஒண்டு, 12 டிகிரி, ஆர் ஷாஃப்ட். தலை ரொரன்ரோவில இருந்து மாமியோட வந்திட்டுது, தராசில 198 கிராம் காட்டிச்சு. ஷாஃப்ட் ஆடிவேலுக்கு வாற மாமான்ட கையில வருது. அதுவரைக்கும் பழைய ட்ரைவரை ஒரு இஞ்சி இறக்கிப் பிடிச்சு அடிக்கிறான், ஒவ்வொரு ஞாயிறும் பொட்டுப் படம் பத்து எனக்கு அனுப்புறான். போன ஞாயிறு ஆறு நடுவில.